கைப்பட்டையில் ஒரு காலை

அப்பா போன மறுவாரம், அவர் கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையை என் கணினியில் செருகினேன். அம்மாதான் பார்க்கச் சொன்னாள்.

தினமும் காலையில் அப்பாதான் டீ போட்டு அம்மாவின் அறைக்குக் கொண்டுவருவார். அவருடைய குறட்டைக்குப் பயந்து அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தவள் அவள். அவர் போன அன்று டீ வரவில்லை. "துரைக்கு இன்னிக்கு எழுந்திருக்க மனசு வரலை போல" என்று படுத்தபடியே திட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலுக்கு வந்தபின் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நான் முழிச்ச உடனே போயிருந்தா காப்பாத்தியிருக்கலாமா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

பட்டை பதிந்த அசைவுகளிலிருந்து தூக்கத்தையும் நடையையும் பிரித்துச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. முகம் தெரியாத நாலு பேர் ஆளுக்கொரு மூலையிலிருந்து எழுதுகிறோம். இலவசம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அப்பாதான் எங்கள் சோதனை எலி. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். பாவம், காய்கறிக்கடைக்காரர் தெரியாத்தனமாக மணி கேட்டு மாட்டிக்கொள்வார். "இது என் பொண்ணு எழுதினது" என்று ஆரம்பித்துவிடுவார் அப்பா.

திரையில் வரைபடம் வந்தது. அந்தக் காலைக்கு நேராக நடை, சின்ன நிறுத்தம், மறுபடி நடை.

"இது சமையலறைக்குப் போறது. இது டீயோட என் ரூமுக்கு வர்றது." அம்மா திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "நான் திட்டிட்டு இருந்தப்ப அவர் எழுந்து நடந்திருக்காரு."

வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. கை வெகுநேரம் அசையாவிட்டால், பட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று எங்கள் மென்பொருள் முடிவுகட்டிவிடும். மற்ற நாட்களில் அதே நேரத்தில் இருந்த அசைவின் சராசரியை எடுத்து அந்த இடைவெளியை நிரப்பிவிடும். கட்டிய கையே ஓய்ந்துபோகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிரப்புவதை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். விடிவதற்கு வெகுமுன்பே, புரண்டு படுப்பதுபோல ஒரு சின்ன அசைவு. அதற்குப் பிறகு வெறும் நேர்கோடு. தூங்குகிறவர் கையில் எப்போதாவது ஓர் அசைவு இருக்கும். இதில் அதுவும் இல்லை.

"நீ முழிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாரும்மா. நீ போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றியா?"

"யாரை வேணா கூட்டிட்டு வந்து காட்டு. எல்லாம் திறந்துதான் இருக்கு. நான் நினைச்சாலும் உன்கிட்ட மறைக்க முடியாது."

இறுதிச் சடங்கில்கூட அழாத அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த டீ?" என்றாள்.

"அது மத்த நாள் டீ எல்லாம் சேர்ந்ததும்மா. காலியா இருந்த இடத்தை மென்பொருளே அப்படி நிரப்பிடுச்சு."

நான் பழைய வரைபடத்தை மூடப்போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அழிச்சிடாதே. ஒரு நாள்கூட அவர் தவறினதில்லைன்னுதானே அது அப்படிப் போட்டிருக்கு."