செம்பனைக்கு வெயில்

பொழுது சாயும்போது கண் மங்கிவிடுகிறது என்பதை ராக்காயி யாரிடமும் சொல்லவில்லை. பகலில் எல்லாம் தெரிந்தது, ரப்பர் மரத்துப் பட்டையில் ஊரும் எறும்பு வரை. வெயில் இறங்கியதும் யாரோ முகத்தில் ஈரச் சாக்கைப் போர்த்திய மாதிரி ஆகிவிடும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பும் செம்மண் பாதையில், முன்னால் போகிறவர்களின் பேச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். ஒருநாள் அந்தப் பேச்சு நின்றுபோனது. ராக்காயி கால்வாயில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள்.

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. பாடாங் மேஹா பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். பால்வெட்டு பாதிக்கு மேல் நின்றுபோய், ஆட்கள் மரவள்ளி நடப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் அரிசி. கண் தெரியாதவள் என்று பெயர் எடுத்துவிட்டால் கிடைக்கிற ஒரு கை அரிசியும் நின்றுவிடும். புருஷன் அழகேசனை ரயில் பாதை போடுவதற்காகச் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் அவளும் அவன் தங்கை புஷ்பவள்ளியும் மட்டும்தான்.

இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. லாரி வந்த அன்று அழகேசன் காட்டுக்குள் ஓடி ஒளியப் பார்த்தான். "நீ ஓடினா லயத்துல இருக்கிறவங்களைப் போட்டு அடிப்பாங்க. போயிட்டு வந்துடு" என்று ராக்காயி தடுத்துவிட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி அடித்திருந்தார்கள். ஆனாலும் புஷ்பவள்ளிக்கு மனசு ஆறவில்லை. அண்ணி என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

கால்வாயில் விழுந்து கிடந்தவளைத் தேடிக்கொண்டு வந்தவள் புஷ்பவள்ளிதான். கரையேற அவள் கை காற்றில் துழாவியதையும் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் ராக்காயி வேலை செய்த நிரையின் முனையில் வந்து நின்று, ஒரு குச்சியின் நுனியை அவள் கையில் திணித்தாள்.

"புடிச்சுக்குங்க."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். குச்சியின் ஒரு முனையில் ஒருத்தி, மறுமுனையில் இன்னொருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளியே அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸர் மோரிஸ் லூனாஸ் ஊர்க்காரர். சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு காலியான மருந்து அலமாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இமையை இழுத்துப் பார்த்தார்.

"மாலைக்கண். பயப்படாதேம்மா, இந்த லயத்துல நீ ஒருத்தி மட்டும் இல்ல. முன்னே மாதிரி இருந்தா மீன் எண்ணெய் கொடுத்தே சரி பண்ணியிருப்பேன். இப்போ புண்ணுக்குப் போடவே எதுவும் இல்ல."

"அப்போ இப்படியேதானா, ஐயா?"

மோரிஸ் ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் பார்த்தார். "ஆத்தோரம் துரை சோதனைக்குன்னு எண்ணெய்ப் பனை, அந்தச் செம்பனை வெச்சாரே, அது காய்க்குதா? அந்தப் பழத்து எண்ணெய் செவப்பா இருக்கும். கண்ணுக்கு வேண்டிய சத்து அந்தச் செவப்புலதான் இருக்குன்னு படிச்சிருக்கேன். எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்க."

நாத்தனாரும் அவளும் மறுவாரமே போய் இரண்டு குலைகளை வெட்டி வந்தார்கள். அவித்து, உரலில் இடித்து, சாக்கில் கட்டிப் பிழிந்து, தண்ணீரோடு கொதிக்கவிட்டு மேலே மிதந்ததை வழித்தார்கள். கிடைத்தது அரைக் கொட்டாங்கச்சி எண்ணெய். கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிறிப்போய் இருந்தது. மரவள்ளிக் கிழங்கில் பிசைந்து சாப்பிட்டதில் தொண்டை கரகரத்ததுதான் மிச்சம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தீயை அதிகமா வெச்சிருப்பீங்க. ரொம்பக் காய்ச்சினா செவப்பு செத்துடும்" என்றார் மோரிஸ். அடுத்த தடவை சின்னத் தீயில் பொறுமையாக எடுத்தார்கள். அதுவும் வெளிறித்தான் இருந்தது.

ராக்காயிக்கு இது பிடிபடவில்லை. வேலை சீக்கிரம் முடிந்த ஒரு பகலில் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போனாள். துரை போனபின் அந்தப் பக்கம் யாரும் கத்தி வைக்கவில்லை. மேலே ரப்பர் மரங்கள் கூரை போட்ட மாதிரி மூடியிருந்தன. செம்பனைகளின் மட்டைக் கக்கத்தில் எல்லாம் பெரணி முளைத்து, கொடி சுற்றி, குலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பழங்கள் சின்னதாக, நிறம் ஏறாமலே சொத்தையாகக் கிடந்தன. கரையோரத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் ஆற்றுப் பக்கம் சாய்ந்து வெயிலில் நின்றது. அதன் அடியில் தானாக உதிர்ந்து கிடந்த பழம் ஒன்றை நசுக்கினாள். விரலெல்லாம் குங்குமப் பூச்சு.

நிழல் மரம், கரையோர மரம் இரண்டின் பழங்களையும் மடியில் கட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மோரிஸ் இரண்டையும் மேஜைமேல் அறுத்து வைத்துப் பார்த்தார்.

"ஒரே நாத்துதானே இது?"

"ஒரே நாளு நட்டது, ஐயா. கரையோர மரத்துக்கிட்ட எருமைங்க வந்து படுக்கும். சாணி உரம்தான் காரணமோ என்னமோ."

அவருக்கும் அப்படித்தான் பட்டது. புஷ்பவள்ளியும் ராக்காயியும் கூடை கூடையாகச் சாணி சுமந்து நிழலில் நின்ற மரங்களுக்குக் கொட்டினார்கள். ஓலை பச்சை கட்டியது. பழம் மட்டும் பழையபடியேதான்.

"வெயில்தான் போலிருக்கு" என்றார் மோரிஸ். "ஆனா ரப்பர் மரத்து மேல கை வைக்க நம்மளால முடியுமா?"

மரவள்ளிக்காக இன்னும் கொஞ்சம் ரப்பரை வெட்டித் தள்ளச் சொல்லி மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தபோது ராக்காயி கங்காணி ராமையாவின் வீட்டுக்குப் போனாள். எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஆட்களுக்குக் காட்டிவிடுகிறவர் அவர்தான். கறார் ஆசாமி. சத்தம் போட்டால் லயத்துக் கடைசி வரை கேட்கும்.

"ஆத்தோர ரப்பரைத் தள்ளச் சொல்லுங்கண்ணே."

"அங்க சரிவு. கிழங்கு சரியா வராது. எதுக்குக் கேக்கிறே?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "பொழுது போனா எனக்குக் கண்ணு தெரியலண்ணே. அங்க இருக்கிற செம்பனைக்கு வெயில் வேணும். அரிசியை நிறுத்திடாதீங்க" என்றாள்.

ராமையா வாசல் பக்கம் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"ஆறு மணிப் பெரட்டுல ஆளு கணக்கெடுக்கும்போது நான் ஏன் பேரைச் சொல்லிச் சத்தம் போடுறேன்னு நெனைச்சே? விடியிற வரைக்கும் எனக்கு ஒரு முகமும் தெரியாது. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன்."

ராக்காயிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றோர ரப்பர் சாய்ந்தது. விறகுக்கென்று வந்த பெண்கள் செம்பனையைச் சுற்றியிருந்த கொடியையும் காய்ந்த மட்டையையும் சேர்த்தே கழித்தார்கள். பசித்தவர்கள் காயிலேயே வெட்டிவிடுவார்கள் என்று பயம் இருந்தது. ராமையா லயத்தைக் கூட்டி, "பழம் தானா உதிர ஆரம்பிச்ச குலையை மட்டும்தான் வெட்டணும். எடுத்த எண்ணெய் எல்லாருக்கும் பொது" என்று சொல்லிவிட்டார். ஒன்றிரண்டு பேர் திருடத்தான் செய்தார்கள். காயின் கசப்பில் அவர்களே விட்டுவிட்டார்கள். ஒரு மழைக்காலம் போய், வெயிலில் பிடித்த குலைகள் பெருத்துக் கறுத்து, பிறகு சிவந்தன.

அந்த எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கியபோது லயமே வந்து எட்டிப் பார்த்தது. உப்புப் போட்ட கிழங்கில் ஊற்றியதும் கிழங்கே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆனது. மோரிஸ் ஆளுக்கு ஒரு கரண்டி என்று ஊற்றிக் கொடுத்தார்.

பதினைந்து நாள் கூட ஆகியிருக்காது. வேலை முடிந்து திரும்பும் வழியில், குச்சியைப் பிடித்தபடி நடந்த ராக்காயிக்கு முன்னால் போகிறவளின் முதுகு தெரிந்தது. பின்னல் தெரிந்தது. சந்தோஷத்தில் கூப்பிட வாயெடுத்தவள், கைலியைத் தூக்கிச் செருகியிருந்த புஷ்பவள்ளியின் காலைப் பார்த்துவிட்டு நின்றாள். கால் வீங்கிப்போய்க் கணுக்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பகலில் இருவருக்கும் வேறு வேறு பக்கம் வேலை. விடிகாலையில் வீக்கம் வற்றியிருக்கும், மிச்சத்தை மறைக்கக் கைலியும் இருந்தது. சாயங்காலத்தில் அந்தக் காலைப் பார்க்கக் கூடிய ஒரே ஆள் ராக்காயிதான், அவளுக்கோ அந்த நேரத்தில் கண் தெரிந்ததில்லை.

"நில்லு, புஷ்பம்." குனிந்து கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. "எத்தனை நாளா இது?"

"உங்களுக்குக் கண்ணு மங்கின கொஞ்ச நாள்லயே."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தா யாரு யாரைத் தூக்கிறது, அண்ணி?"

ராக்காயி அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்து மீதி வழியை நடத்திக் கூட்டிவந்தாள்.

மோரிஸ் பார்த்துவிட்டு, இது பெரிபெரி, வெள்ளை அரிசியும் கிழங்குமே தின்றால் வரும் வீக்க நோய், இதற்குச் செம்பனை உதவாது, தவிடு வேண்டும் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்போங் என்கிற மலாய்க் கிராமத்தில் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திக்கொண்டிருந்தார்கள். ராக்காயி ஒரு போத்தல் சிவப்பு எண்ணெயோடு போய், முதலில் கண்ணில் பட்ட வீட்டு மாக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாளிடம், கோழிக்குப் போடுகிற தவிட்டைக் கேட்டாள். யாருக்கு என்று அந்த அம்மாள் கேட்க, தன் காலைத் தொட்டு வீங்குகிற மாதிரி கைகாட்டினாள். மாக்சிக் உள்ளே போய்ச் சலித்த தவிட்டோடு கைக்குத்தல் அரிசியும் ஒரு டின்னில் கொண்டுவந்து கொடுத்தாள். அதன்பின் அந்த நடை நிற்கவில்லை. தவிட்டை வறுத்து, வெல்லம் இல்லாமல், வாயில் ஒட்டிக்கொள்ளும் உருண்டையாகப் பிடித்துக் கொடுப்பாள். புஷ்பவள்ளி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குவாள். வீக்கம் மெதுவாக வடிந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து பிழைத்தவர்கள் திரும்பினார்கள். அழகேசன் வரவில்லை. கூடப் போன ஒருவன் வந்து, காலரா என்று மட்டும் சொன்னான். அன்று இரண்டு பேரும் அடுப்பே மூட்டவில்லை. ராக்காயி அவனைத் தடுத்த அந்த நாள் பேச்சை இருவரில் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் செமிலிங்கிலிருந்து மணியம் என்ற லாரி ஓட்டுநர் தன் அம்மாவோடு புஷ்பவள்ளியைப் பெண் கேட்டு வந்தான். நல்ல பையன். அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் வெற்றிலைத் தட்டை எடுக்குமுன் அவன் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எங்க அண்ணி கூட வருவாங்க. அங்க இடம் இருக்கா?"