ஒழுகுதா பாரு

எங்க வீட்டுக்காரர் பிளம்பர். எங்கே ஈரம் கசிஞ்சாலும் இன்னொரு சுத்து முறுக்கணும், அதான் அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம். அந்தப் புத்தியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்துட்டார் மனுஷன்.

அவர் வலது மணிக்கட்டு ரத்தக்குழாய்ல சின்னக் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தாங்க. பெருசா அடைப்பு இல்லைன்னதும் அப்பாடான்னு இருந்தது. துளை போட்ட இடத்துல காத்தடைச்ச பட்டை ஒண்ணு கட்டினாங்க. "ரத்தம் வெளியே கொட்டவும் கூடாது, உள்ளே ஓட்டம் நிக்கவும் கூடாது. காத்தை நான்தான் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவேன்"னு சொல்லி, அதுக்கான சிரிஞ்சைத் தலைமாட்டுல வெச்சுட்டு சிஸ்டர் போனாங்க. இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

நான் டீ வாங்கிட்டு வந்து பார்த்தா விரலெல்லாம் நீலம்.

"என்னங்க பண்ணீங்க?"

"லேசா கசிஞ்சுது. காத்து ஏத்திட்டேன். இப்ப சொட்டு கூட இல்ல பாரு." பெருமை வேற. "கைதான் மரத்துப் போச்சு."

ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வந்தேன்.

அவங்க, ரத்த ஓட்டத்தைத் திரையில கோடாக் காட்டுற கிளிப்பை அவர் கட்டைவிரல்ல மாட்டி, மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கமா ஓடுற இன்னொரு ரத்தக்குழாயை அழுத்தினாங்க. திரையில கோடு படுத்தே கிடந்தது. "துளை போட்ட குழாய்ல ரத்தம் ஓடலம்மா. உறைஞ்சிருந்தா அடைச்சே போயிடும்"னாங்க.

பட்டையில காத்தை இறக்கினதும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. இவர் இடது கை தானா அதை அமுக்கப் போச்சு. ஒரு அடி போட்டேன்.

"சும்மா இருங்க. இது உங்க பைப் இல்ல."

சிஸ்டர் அழுத்தின விரலை எடுக்கவே இல்ல. "இந்தப் பக்கம் நான் அடைச்சா, ரத்தம் நீங்க அடைச்ச பக்கமா வழி தேடும் ஐயா." அது அவருக்கு உடனே புரிஞ்சுது. முகம் செத்துப்போச்சு.

"ஸ்பேனர் பிடிக்க முடியுமா சிஸ்டர்?"

"பொறுங்க, பார்ப்போம்."

திட்டணும்னு வாய் வரைக்கும் வந்ததெல்லாம் போன இடம் தெரியல. பாவி மனுஷன், அந்தக் கையை நம்பித்தானே நாங்க இருக்கோம். அவர் கண்ணை இறுக மூடிக்கிட்டார்.

"ஒழுகுதா பாரு"ன்னார். வாழ்நாள்ல அந்தக் கேள்வியை அவர் இப்படி ஆசையா கேட்டதே இல்ல.

பட்டை ஓரத்துல இன்னொரு சொட்டு சிவப்பா நின்னுச்சு.

"ஒழுகுதுங்க"ன்னேன். திரையில கோடு இன்னும் எழும்பலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.