பஞ்சு மாதிரி ஒரு பெடல்

கணக்கு வாத்தியார் தன் ஆயுளில் தப்பை ஒப்புக்கொண்டது இரண்டே தடவை. இரண்டாவது தடவை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காருக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபோது நடந்தது. முதல் தடவை எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை.

கூரையில்லாத, இரண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. பச்சை நிறம். நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். டியூட்டிக்கு அதை எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அப்போது ஒரு வாரமாகவே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிரேக் பெடல்ல கால் வச்சா பஞ்சு மாதிரி அமுங்குதுங்க."

"பழைய வண்டின்னா அப்படித்தான். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்றார் வாத்தியார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தெருக்கோடி இறக்கத்தில் பிரேக் கையை விரித்துவிட்டது. கார் மதிலில் போய் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, ஊசி பிடிக்கும் கை மூன்று மாதம் மாவுக்கட்டில் கிடந்தது.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ்ஸில் போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான். காரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட வாத்தியார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மோதிய முகப்பை ஒர்க்‌ஷாப்பில் நிமிர்த்தினார்கள். பிரேக்கை மட்டும் யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அவள் மறுபடி அந்தக் காரில் ஏற வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தார். முன்சக்கரத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப்பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டையும் கழற்றி, வெடித்துக் கிடந்த ரப்பர் சீல்களை எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். இடது, வலது என்று அடையாளத்துக்குச் சாக்பீஸால் எழுதியும் வைத்தார்.

பெயிண்ட் அடித்தது மச்சினன். கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். துருவைச் சுரண்டி, சூடு தாங்கும் சிவப்பை இரண்டு கோட் அடித்து, துணி காயும் கம்பியில் தொங்கவிட்டுவிட்டுப் போனான். அடிப்பதற்கு முன்னால் மாமாவின் சாக்பீஸ் எழுத்தையும் தேய்த்துத் துடைத்திருந்தான். அடுத்தவர் கையெழுத்தின் மேல் அவன் பிரஷ் ஓடாது. வாத்தியாருக்கு இது தெரியாது. கம்பியில் இடது பக்கம் தொங்கியது இடதுக்கு, வலது பக்கம் தொங்கியது வலதுக்கு என்று மாட்டிவிட்டார். கணக்கு வாத்தியாரில்லையா, வரிசை என்றால் அவருக்கு வேதவாக்கு.

மிச்சம் இருந்தது காற்று எடுக்கும் வேலை. ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் காலிப்பரில் உள்ள சின்னத் திருகைத் திறந்து மூட, பிரேக் ஆயிலோடு உள்ளே சிக்கிய காற்று வெளியே வரும். மச்சினன் எங்கோ ஏணி மேல் இருந்தான். பெடலின் மேல் செங்கல்லை வைத்துப் பார்த்தார் வாத்தியார். செங்கல் சொன்ன பேச்சைக் கேட்குமா?

டியூட்டி முடிந்து வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"மிதிக்க ஆள் வேணும்." 'நீ வா' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அவள் கைப்பையைச் சுவரோரம் வைத்தாள். கதவைத் திறந்து, ஒரு கணம் தயங்கி, ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தாள். வாத்தியார் ஸ்பேனரோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்தார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"விடு."

இப்படியே அரை மணி நேரம். ஆயில் டப்பா காலியாகிவிட்டது.

"பஞ்சு மாதிரிதாங்க இருக்கு" என்றாள் அவள்.

ஓட்ட ஓட்டச் சரியாயிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டார். மல்லாந்தபடியே வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னிக்கும் சரியாத்தான் சொன்னே. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடது."

பிறகு அவள் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"காத்து எந்த வழியா வரணும்?"

காலிப்பரின் அடியில் இருந்த திருகைக் காட்டினார்.

"அடியிலயா? ஊசியில மருந்து ஏத்தினா முனையை மேல தூக்கித்தானே காத்தை வெளிய தள்ளுவோம்? கீழ பாத்துப் பிடிச்சா மருந்துதான் கொட்டும். காத்து உள்ளயே ஜம்முனு உக்காந்திருக்கும்."

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். இடது வலதுக்குப் போயிருந்தது, வலது இடதுக்கு. இரண்டும் தலைகீழ். திருகு எப்போதும் மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைத்தான் கோட்டை விட்டிருந்தார்.

மறுநாள் மச்சினன் புது ஆயில் டப்பாவோடு வந்தான். "எழுத்தைத் துடைச்சியாடா?" என்று வாத்தியார் கேட்க, "உங்க கையெழுத்து அப்படி, மாமா" என்றான். மாற்றி மாட்டினார்கள். மறுபடி அவள்தான் மிதித்தாள். இப்போது குமிழிகள் மடமடவென்று வந்து, சட்டென்று நின்றன. பெடல் கல்லாக நின்றது.

அவள் இறங்கவில்லை. பக்கத்து சீட்டைத் தட்டினாள். "ஏறுங்க."

தெருவுக்குள்ளேயே நாலு தடவை மெதுவாக ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். பிறகுதான் இறக்கத்துக்குத் திருப்பினாள். வாத்தியார் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மதிலில் புதிதாகப் பூசிய இடம் தனியாகத் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆள் தூரம் முன்னாலேயே கார் குலுங்காமல் நின்றது.

"பெடல் எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர்.

அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். கண் நிறைந்திருந்தது. "இதை அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்" என்றார் வாத்தியார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.