மூன்றாம் பக்கத்தில் ஒரு கம்பெனி

கையில் மிச்சமிருந்த பணத்தை எதில் போடுவது என்ற ஒரே கேள்வியில்தான் செம்மொழியும் வானதியும் பிரிந்தார்கள். கல்லூரித் தோழிகள். திருக்காட்டுப்பள்ளியில் ஓர் உரக்கடையின் மாடியில் அறை பிடித்து, நெல் அறுக்கும் மிஷின்காரர்களையும் விவசாயிகளையும் புரோக்கர் இல்லாமல் சேர்த்துவைக்கும் இணையதளத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

"விளம்பரம் கொடுப்போம். கூகுள்ல நாம மேல வர்றதுக்கு எழுதி எழுதிக் காத்திருந்தா ஆறு மாசம் ஆகும். அறுப்பு காத்திருக்குமா?" என்றாள் வானதி.

"காசு நின்னா விளம்பரமும் நின்னுடும். எழுதுனது அப்படியே இருக்கும்டி."

"இருக்கும். யாரும் பாக்க மாட்டாங்க."

ஆடிக் கடைசியில் வானதி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டையெல்லாம் இல்லை. பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து செம்மொழி கதவைத் திறந்தபோது, இரண்டு நாற்காலிகளில் எதில் உட்காருவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

வானதி சொன்னதுதான் நடந்தது. தேடினால் தளம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அவ்வளவு தூரம் யார் புரட்டிப் பார்ப்பார்கள்? சில நாட்களில் தளத்துக்கு வந்துபோன ஒரே ஆள் செம்மொழியே. மெஸ்ஸில் "ஒரு சாப்பாடு" என்று சொல்வதைத் தவிர வாய் திறக்காமலே பொழுது போன நாட்களும் உண்டு.

கார்த்திகையில், மக்கள் என்ன வார்த்தைகளைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று கூகுள் தரும் பட்டியலை நிதானமாகப் படித்தாள். அவள் 'அறுவடை இயந்திர வாடகைச் சேவை' என்று எழுதிவைத்திருந்தாள். அவர்களோ 'அறுப்பு மிஷின்', 'ஈர வயலுக்கு பெல்ட் வண்டி' என்று தேடினார்கள். எல்லாப் பக்கங்களையும் அவர்கள் பேச்சுக்கு மாற்றினாள்.

பட்டியலின் அடியில், ஒரே ஒரு முறை மட்டும் தேடப்பட்ட ஒரு வரி இருந்தது: 'பொம்பள போன் பண்ணா அறுப்பு மிஷின் அனுப்புவாங்களா.'

செம்மொழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் தொடங்கிய புதிதில் அவளிடமே புரோக்கர்கள் கேட்டதுண்டு: "வீட்ல ஆம்பளைங்க இல்லையா?" ஒரே ஒருவர் தேடியதற்காகப் பக்கம் எழுதுவது வீண் வேலை என்று இணையதளத் தொழில் தெரிந்த யாரும் சொல்வார்கள். அவள் எழுதினாள். எந்த வயலுக்கு எந்த வண்டி, வாடகையை எப்படிப் பேசுவது, கரை மேல் நின்று எதைக் கவனிப்பது என்று எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் எழுதி, கடைசியில் தன் எண்ணையே போட்டாள்.

தை பிறந்ததும் வேதாரண்யம் பக்கத்திலிருந்து மதிவதனி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். கணவர் சிங்கப்பூரில். மழை வரும் என்கிறார்கள், கதிர் சாய்ந்துவிட்டது, புரோக்கர் போனையே எடுப்பதில்லை. அருகில் அறுத்துக்கொண்டிருந்த மிஷின்காரர் ராம்கியிடம் பேசி, சேற்றில் புதையாமல் ஓடும் அவருடைய பெல்ட் வண்டியை செம்மொழி அனுப்பினாள். மறுநாள் பேருந்தேறித் தானும் போனாள்.

வண்டி வயலில் ஓடிக்கொண்டிருந்தது. "கார்த்திகையில கூகுள்ல தேடுனது நீங்கதானாக்கா?" என்று செம்மொழி கேட்டாள்.

"நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நீங்க எழுதுனத நாத்தனார் வாட்ஸ்அப்புல அனுப்புனாங்க. எங்க குழுவுல எல்லாருமே வச்சிருக்கோம். தனியா வெள்ளாமை பாக்குறவங்கதான் எல்லாரும்."

அந்த அறுப்பில் அப்படி நாற்பத்தொரு பெண்கள் கூப்பிட்டார்கள். தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. முதலில் கேட்டவர் யார், அவர் வயல் அறுபட்டதா என்பது மட்டும் செம்மொழிக்குத் தெரியவே இல்லை.

மதிவதனி வயலிலிருந்து திரும்பிய அன்று, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். செம்மொழி பேச ஆரம்பித்தாள். ஊரைச் சொன்னாள், மிஷினைச் சொன்னாள், சாய்ந்த கதிரைச் சொன்னாள், மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். திருத்துறைப்பூண்டி வந்ததும் அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு, "வரேம்மா, பாத்துப் போ" என்று இறங்கிப்போனார்.

தஞ்சாவூர் வரை அந்த இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை.