பதினேழாம் நம்பர் ராமக்காள்

வத்தல்மலைப் பாதையில் ஒரு கரடி குறுக்கே வந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டே நடந்தார் மதலைமுத்து வாத்தியார். பெரிய கரடியாக இருக்க வேண்டியதில்லை. யாரையும் கடிக்கவும் வேண்டாம். முன்னால் போகிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பக்ருதீன் அதைப் பார்த்துவிட்டு, "சரி வாத்தியாரே, திரும்பிடலாம்" என்று சொன்னால் போதும். புனித அந்தோணியாரிடம் அவர் இதுவரை தொலைந்த சாவி, தொலைந்த ஆடு என்றுதான் கேட்டிருக்கிறார். கரடி கேட்பது இதுதான் முதல் தடவை.

எழுபத்தொன்றாம் வருஷம், மார்ச் மாதம். நாடு முழுக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. அடிவாரத்து ஓராசிரியர் பள்ளியில் வாத்தியாராக இருந்த பாவத்துக்கு, மலைமேல் இருக்கிற நரிப்பாறை என்கிற குக்கிராமம் அவர் தலையில் விழுந்திருந்தது. ஆள்களை எண்ண வேண்டியது இப்போது. வீடுகளை எண்ணிக் கதவில் தாரால் நம்பர் போட வேண்டியது போன வருஷமே. போன வருஷம்தான் தப்பு நடந்தது.

அப்போது அவர் மலை ஏறவில்லை. முழங்கால் வலி என்று பள்ளியில் சொன்னார், வெயில் என்று சர்ச்சில் சொன்னார். மனைவி ராஜமேரியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டாள்: "கரடிக்குப் பயம்னு சொல்லுங்களேன், வாய் வலிக்குதா?"

சந்தைக்கு இறங்கி வந்த நரிப்பாறை ஊர்க் கவுண்டரைப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, அவர் வாயாலேயே வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வீடு வந்தது. அறுபத்தொன்றாம் வருஷக் கணக்கில் இருபத்து மூன்று. வாத்தியாருக்கு வியர்த்தது. சர்க்காரில் வீடு கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். "இன்னொண்ணு எங்கே?" என்று யாராவது கேட்டால், 'நான் போகலீங்க' என்றா சொல்வது? வேலை போய்விடும். மூன்று பெண் பிள்ளைகள்.

ஆகவே ஒரு வீட்டைத் தானே கட்டினார், காகிதத்தில். பயந்தவன் பொய்யும் சின்னதாகத்தான் இருக்கும். ஒரே ஆள். விதவை. பெயர் ராமக்காள், வயது எழுபது. அதாவது, ஆள்களை எண்ணுகிற நாள் வருவதற்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் செத்துப்போகக்கூடிய வயது. கடைசியில் எழுதினால் கண்ணில் குத்தும் என்று நடுவில், பதினேழாவதாகச் செருகினார். பிறகு நம்பரும் பெயரும் போட்ட இருபத்து மூன்று சீட்டுகளையும் ஒரு தார் டப்பாவையும் கவுண்டர் கையில் கொடுத்து, "சீட்டுல இருக்கிறபடி கதவுல போட்டுடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த மார்ச்சில் ராமக்காளைக் கொன்றுவிட வேண்டும் என்பதுதான் திட்டம். 'இறந்துவிட்டார்' என்று எழுதினால் காரியம் முடிந்தது. ஆனால் நேற்று மாலை ஆர்.ஐ. பக்ருதீன் சைக்கிளில் வந்து இறங்கி, "நரிப்பாறைக்கு நானும் வர்றேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. இரவெல்லாம் வாத்தியார் தூங்கவில்லை. இன்று மலையில் பாதி தூரம் வந்தாயிற்று, ஆர்.ஐ. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டிக்கொண்டே வந்தால்கூடப் பயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அந்தோணியார் கரடி அனுப்பவில்லை. ஊர் வந்துவிட்டது.

ஊர் இருந்த இருப்பு சரியாக இல்லை. அடுப்புப் புகை இல்லை. நாய்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டு ஜனம் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து அப்படியே நிற்பதுபோல நின்றது. ஒரு குழந்தை இருமியது. அதன் வாயை ஒரு கை பொத்தியது.

"எதுக்கு இப்படி நிக்கிறாங்க?" என்றார் ஆர்.ஐ., குரலைத் தாழ்த்தி.

"தெரியலீங்க சார்."

ஒன்று, இரண்டு என்று போனார்கள். ஆர்.ஐ. பட்டியலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட, ஆள் முன்னால் வர, வாத்தியார் எழுதினார். பதினான்கில் பேனாவில் மை அடைத்தது. பதினாறில் எழுத்து கோழிக் கிறுக்கலாயிற்று. இப்போது பதினெட்டு வரும், பதினேழு எங்கே என்று கேட்பார், அவ்வளவுதான்.

பதினெட்டு வரவில்லை. பதினேழு வந்தது.

புதுக் கூரை. மண் சுவரில் விரல் தடம்கூட இன்னும் அழியவில்லை. மூங்கில் தட்டிக் கதவில், கொஞ்சம் கோணலாக, கறுப்புத் தாரில் 17. மதலைமுத்து வாத்தியாரின் காதுக்குள் வண்டு பறந்தது. தான் பொய்யாகப் போட்ட நம்பர் கதவும் கூரையுமாகத் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"ராமக்காள்" என்று கூப்பிட்டார் ஆர்.ஐ.

"நாந்தானுங்க சாமி" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முந்தானையைக் கழுத்தோடு சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வயசு என்னம்மா?"

"என்னா போட்டிருக்குதுங்களோ, அதேதானுங்க."

ஆர்.ஐ. பட்டியலைப் பார்த்தார். எழுபது. அவளைப் பார்த்தார். "புருஷன்?"

"விதவைங்க. அப்பிடித்தான் எழுதியிருக்குதாமா." சொல்லிவிட்டு ஊர்க் கவுண்டரைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று.

பட்டியல் மெதுவாக மடிந்தது. "யாரு வாத்தியாரே இந்த ராமக்காள்?"

இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. "அந்தக் கெழவி செத்துப்போச்சுங்க சார்."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. "செத்துட்டாளுங்களா? அப்ப அவ ஆளுங்க வருவாங்களா, வூட்டைக் கேட்டு?"

ஊர்க் கவுண்டர் ஆர்.ஐ. காலடியில் குந்திவிட்டார். "எம்மேல தப்புங்க சாமி. எனக்கு எழுத்து தெரியாது. மேல வந்து, மூணாப்பு படிச்ச ஒருத்தனை விட்டுப் படிக்கச் சொன்னேன். பதினேழு, ராமக்காள், விதவைன்னான். எங்க ஊர்ல அப்பிடி ஒருத்தியும் இல்லீங்க. கெவுர்மெண்டு எழுதினா காரணம் இருக்கும். கணக்கு இடிச்சா ஊரையே கீழ எறக்கிடுவாங்கன்னு வேற பேச்சு. என்னா பண்றது? ஊரே சேந்து ஒரு வூட்டைக் கட்டிட்டோம்."

"கட்டிட்டீங்களா?"

"போன வருஷமே, பத்தே நாள்ல முடிச்சுட்டோமுங்க. ஆள் வேணுமில்ல? இவ பேரு குள்ளம்மா. புருஷன் காப்பித் தோட்டத்து வேலைக்குன்னு குடகுக்குப் போயி மூணு வருஷமாச்சு, சேதி இல்ல. கொழுந்தன் வூட்டு மாட்டுக் கொட்டாயில ஒரு மூலையில படுத்துக் கெடந்தா. நீதான் ராமக்காள்னு சொல்லி உக்கார வெச்சோம்."

குள்ளம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நாய் கொலைச்சாப் போதுமுங்க, ராமக்கா வந்துட்டாளோன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவேன். வந்தா வுட்டுடணுமில்ல. அவ வூடுதானுங்களே."

பத்து மாதமாக ராமக்காளுக்குப் பயந்தவர் தான் ஒருவர்தான் என்று வாத்தியார் நினைத்திருந்தார். இங்கே ஒருத்தி, புதுக் கூரையின் கீழ், அதே கிழவிக்குப் பயந்து விழித்திருந்திருக்கிறாள். செத்துவிட்டாள் என்று சொன்னதில் பயம் குறையவில்லை. வாரிசு வேறு வந்து சேர்ந்துவிட்டது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே வலி.

"ராமக்காள்னு யாரும் இல்லம்மா" என்றார் மதலைமுத்து வாத்தியார். "செத்துப்போகவும் இல்ல, பொறக்கவும் இல்ல. நான் எழுதினது. போன வருஷம் நான் இங்க வரவே இல்லீங்க சார். ஒரு வூடு கொறைஞ்சுதுன்னு பயந்துக்கிட்டு நானே ஒண்ணு சேத்துட்டேன்."

"நிச்சயமா யாரும் வரமாட்டாங்களா?" என்று குள்ளம்மாள் கேட்டாள்.

"யார் வருவா? என் மண்டைக்குள்ள இருந்தவ அவ."

அவள் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். முந்தானை நழுவியது. உள்ளே மஞ்சள் மங்கிய தாலிக் கயிறு. கெவுர்மெண்டுக்காகப் பத்து மாதமாக மறைத்துக்கொண்டிருந்த கயிறு. "அவரு திரும்பி வந்தா ஒண்ணும் சொல்லமாட்டீங்களே?" என்றாள்.

"எழுதுங்க வாத்தியாரே" என்றார் ஆர்.ஐ. "பதினேழு. குள்ளம்மாள். கல்யாணம் ஆனவங்க."

வாத்தியார் எழுதினார். எழுத்து நேராக விழுந்தது.

இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாதையோரப் புதரில் ஏதோ சலசலத்தது. வாத்தியார் காலையில் வைத்த கோரிக்கையை அவசரமாக வாபஸ் வாங்கினார். காட்டுக் கோழி ஒன்று எழும்பிப் பறந்தது. பக்ருதீனும் துள்ளியதை அவர் கவனித்தார்.

"நாளைக்கு எழுத்துல விளக்கம் குடுத்துடுங்க" என்றார் ஆர்.ஐ.

"என்னன்னு எழுதறதுங்க?"

"உள்ளதை."

வாத்தியார் பத்தடி நடந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இன்னொரு பத்தடி. "அந்தப் பட்டியலுக்கு அடியில, 'நேரில் சென்று தணிக்கை செய்தேன்'னு உங்க கையெழுத்து இருக்குதுங்களே சார்."

முன்னால் போகிற முதுகு சட்டென்று வயதாகிவிட்டதுபோல் இருந்தது. அடிவாரத்து வேப்பமரம் தெரிந்ததும் நடை தளர்ந்தது.

"பெரிய ஆபீசர் ஒருத்தர் மலைக்கு வந்து பாக்கப்போறார்னு பேச்சு" என்றார் பக்ருதீன், திரும்பாமலே. "அதுக்குள்ள நான் ஒரு தடவையாவது பாத்துடணும்னுதான் வந்தேன். மலை ஏறாமலே போட்ட கையெழுத்து அது. ராத்திரி எனக்கும் தூக்கமில்ல."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவர் நின்றார்.

"அதையும் எழுதிடுங்க."