ஈரம் போகாத சோளம்

மக்காச்சோளத்தை ஈரத்தோடு விற்பதில்லை என்று ஒலிம்பியா அக்கா முடிவெடுத்த வருஷம், எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் நிம்மதியில்லை.

பிலிப்பைன்ஸில் எங்கள் காகாயன் ஆற்றுப்பக்கம் அதுவரை ஒரே வழக்கம்தான். வியாபாரி ருஃபோ விதையும் உரமும் கடனாகக் கொடுப்பார். அறுவடையன்று வயலோரமே லாரியை நிறுத்துவார். ஒரு பிடி மணியை அள்ளி, "ரொம்ப ஈரம்" என்பார். ஈரத்துக்கென்று எடையில் கழிவு எவ்வளவு என்பது அவர் வாய்க்குத்தான் தெரியும். கடன்பட்டவர்கள் வேறு யாரிடம் போவது?

அந்த முறை அக்கா தாய்ப்பன்றியை விற்று விதை வாங்கினாள். பக்கத்து வயல்காரியான நானும் என் தையல் மெஷினை விற்றுவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டேன். காயவைத்து நேரே நகரத்துத் தீவன ஆலைக்குக் கொண்டுபோவது என்று பேச்சு.

"பன்னி போச்சு. இனி சோளமும் போகும்" என்றார் அவள் புருஷன் சாபாஸ். "உனக்கு ஒரு எடத்துல உட்காரவே வராதா?"

"உட்கார்ந்து உட்கார்ந்துதான்யா இந்த நெலமைக்கு வந்தோம்."

கூடைப்பந்துத் திடலின் சிமென்டுத் தரையில் சோளத்தைப் பரப்பினோம். அக்கா அதைவிட்டு நகரவில்லை. காலால் அளைந்து விடுவாள், ஒரு மணியைக் கடிப்பாள், துப்புவாள், வானத்தைப் பார்ப்பாள், மறுபடி கடிப்பாள். நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். கடித்துக் கடித்து அவளுக்குத் தாடையே வீங்கிவிட்டது. புயல் வடக்கே திரும்பும் என்றது ரேடியோ. திரும்பாது என்றது அக்காவின் முழங்கால்.

சனிக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தது. கூடவே ருஃபோவின் லாரியும் வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, வானத்தைப் பாத்தியா? இப்ப ஏத்துனா பழைய வெல. நாளைக்குன்னா கோழிகூட கொத்தாது."

சாபாஸ் மண்வாரியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா குவியலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது யார் நெலத்துச் சோளம்?"

"என்னடி கேள்வி இது?"

"கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா என் பேருக்குக் கொடுத்த நெலம். அதுல வெளஞ்சதுல ஒரு மணி அந்த லாரியில ஏறாது."

ருஃபோ சிரித்தார். சாபாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்க கொட்டப் போற? உன் தலையிலயா?"

ஊரில் ஒழுகாத பெரிய கூரை மாதா கோயிலுக்கு மட்டும்தான். வாரந்தோறும் அதைப் பெருக்குகிறவள் நான், சாவி என் இடுப்பில் இருந்தது. சாமியாரிடம் கேட்க நேரமில்லை. திறந்துவிட்டேன். முதல் சொட்டு விழுந்தபோது சாபாஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். நாங்களும் சாக்குகளில் அள்ளி அள்ளிக் கோயிலுக்குள் கொண்டுபோய்க் கொட்டினோம்.

மறுநாள் பூசைக்கு நனைந்தபடி வந்த சாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சுகளெல்லாம் சுவரோரம் கிடந்தன. பீடத்தின் படி வரைக்கும் சோளம்.

"இது யாரோட காணிக்கை?"

"காணிக்கை இல்ல சாமி, காயப்போட்டிருக்கு" என்றேன்.

அவர் குனிந்து ஒரு மணியை எடுத்துப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்துபோனார். "இன்னிக்குப் பிரசங்கம் சுருக்கமா முடிச்சிடறேன். இல்லன்னா முளைச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சனம் முழங்காலிட்ட நேரத்திலும் அவள் கால் சோளத்தைக் கிண்டிக்கொண்டேயிருந்தது. சாபாஸ் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார். பூசை முடிந்ததும் வீடுவீடாகப் போய் மின்விசிறிகளை வாங்கிவந்தாள். ஆனாலும் சுவரோரக் குவியல் உள்ளுக்குள் சூடேறிப் பூசணம் பிடித்துவிட்டது. மூக்கால் தேடித்தேடி அதைப் பிரித்தெடுத்தாள். அது என்னுடைய பங்கும்தான். அழுகையை அடக்கிக்கொண்டு அள்ளினேன்.

மழை விட்டபின் மிச்சத்தை மறுபடி வெயிலில் போட்டோம். பிறகு வாடகை லாரியில் ஆலைக்குப் போனோம். வரிசை நகரவேயில்லை. அக்கா லாரியைச் சுற்றிச்சுற்றி வந்தாள். கடைசியில் ஒருவன் மணிகளை ஈரம் அளக்கும் கருவியில் போட்டான். எண் ஒளிர்ந்தது.

"காஞ்சிருக்கு. கழிவு இல்ல."

அக்கா நம்பவில்லை. "இன்னொரு சாக்குலயும் பாருப்பா."

பார்த்தான். அதே பதில்தான்.

லாரி வாடகையும் பூசணம் தின்றதும் போக, ருஃபோ கொடுத்திருக்கக்கூடியதைவிட ஓரளவுதான் கூடுதலாக நின்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அடுத்த விதைப்புக்கு நாங்கள் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. கடையில் பணம் எண்ணிக் கொடுத்து விதைப் பையைத் தூக்கியபோதுதான் அது எனக்கு உறைத்தது.

திரும்பும் வழியில் சாபாஸ் கேட்டார். "சரி. அடுத்த வெள்ளாமைய வெள்ளம் அடிச்சிட்டுப் போனா? ருஃபோ இனி நம்மள எட்டிப் பாப்பானா?"

அக்கா ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு வீடு போதாதுடி. பத்து வீடாவது சேரணும். வா, இப்பவே போய்க் கேப்போம்."

"மொதல்ல சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றார் சாபாஸ்.

அவள் அதற்குள் முதல் வீட்டு வேலியைத் திறந்திருந்தாள்.