ஒற்றைச் சாவி

தச்சர் வாசற்கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். பாதிக்கு மேல் போகாமல் அது சுவரில் முட்டியது. கையால் முழம் போட்டு நிலையை அளந்தார்.

"பெட்டி திரும்பாது. கதவக் கழட்டினாத்தான் உள்ள வரும்." யார் முகத்தைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோரக்கா நிமிர்ந்தாள். மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். பெட்டியில் வரப்போவது அவளுடைய தம்பி. நேற்றுக் காலை வரைக்கும் வண்டி மெக்கானிக்.

"கழட்டுங்க."

தச்சர் நகரவில்லை. தொண்டையைச் செருமினார். "ஸ்குரூ டிரைவர் வேணும்க்கா. பட்டறைல இருக்கு."

பட்டறையில் என்றால் அலமாரியில். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். நேற்றிலிருந்து அந்த வார்த்தையை யாரும் அவள் காதுபடச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் 'சா' என்று ஆரம்பித்துவிட்டு, 'சாப்டீங்களா?' என்று மாற்றிக்கொண்டாள்.

ஸ்டோரக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானே வர்றேன்."

பட்டறை தெருக்கோடியில் இருந்தது. காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் தெருவின் கைத்தொழில்காரர்கள் தங்கள் கருவிகளையெல்லாம் பொதுவில் போட்டு நடத்தி வந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு சுத்தியல் வேண்டுமென்றால் கிடங்கையே தலைகீழாகப் புரட்ட வேண்டும். தச்சரின் உளியால் யாரோ பெயின்ட் டப்பா திறந்திருப்பார்கள். துளை போடும் மெஷின் இரவல் போனது போனதுதான், திரும்பி வரவேயில்லை. வாரத்துக்கு ஒரு சண்டை. கடைசியில் எல்லோருமாக ஸ்டோரக்காவிடம் வந்து நின்றார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மூன்று வாரம். துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி, ஒரு எண், தன் கையெழுத்தில் ஒரு சீட்டு. பற்றவைப்பவரிடம் சொல்லி கனத்த இரும்பில் அலமாரி செய்ய வைத்தாள். யானை முட்டினாலும் அசையாது என்றார் அவர். பூட்டுக்கு ஒரே சாவி. அது அவள் கைப்பையில்.

"ஸ்பேனருக்கெல்லாம் ஜாதகம் எழுதிட்டியேக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல எங்களுக்கும் நம்பர் போட்டு மாட்டிடுவ போல" என்று தம்பி கேலி செய்வான். செய்தாலும், வெளியாட்கள் யார் வந்தாலும் முதலில் அந்த அலமாரியைத்தான் காட்டுவான். இரண்டு வருடத்தில் ஒரு மரை ஆணிகூடத் தொலையவில்லை.

கிடங்கின் நடுவில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. வேனை ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் அலமாரியிடம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கதவெங்கும் பள்ளங்கள். பூட்டைச் சுற்றி இரும்பு நசுங்கி, பச்சை வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. கீழே ஒரு கருங்கல் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பள்ளத்தின் விளிம்பில் காய்ந்த ரத்தம். தச்சரின் வலது கையில் கட்டு போட்டிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"கையில கிடைச்சத வச்சு இடிச்சோம்க்கா. கடப்பாரை, சம்மட்டி எல்லாமே உள்ளதான..." தச்சர் முடிக்கவில்லை.

நேற்று தம்பி தன் பையிலிருந்த சின்ன ஜாக்கியை வைத்து வேனைத் தூக்கியிருக்கிறான். அது வழுக்கி, வண்டி அவன் இடுப்பின் மேல் இறங்கிவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து தூக்கியும் சரக்கு ஏற்றிய வேன் அசையவில்லை. எங்கிருந்தோ உத்தரக்கட்டை கொண்டுவந்து நெம்பி எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, போனை அமர்த்திவிட்டு, கண்களை மூடி உட்கார்ந்திருந்தாள். இப்படி நிம்மதியாக உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததுகூட ஞாபகம் இருந்தது. பிறகு இங்கே வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு ஒரு சொடுக்கில் திறந்துகொண்டது.

உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சம்மட்டி. கடப்பாரை. கீழ்த்தட்டில், பெரிய ஜாக்கி, எண்ணெய் மினுமினுப்போடு, பதினாலாம் நம்பர். தச்சர் கட்டில்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்குரூ டிரைவர் அவர் கண்ணில் படவில்லை. அவளே மூன்றாம் வரிசையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை.

வாங்கிய தச்சர் பழக்கதோஷத்தில் கதவோரம் தொங்கிய நோட்டை எடுத்தார். எடுப்பவர் யாரானாலும் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பேனாவைத் திறந்தவர் திகைத்து அவளைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்.

கதவைக் கழற்றினார்கள். தம்பி உள்ளே வந்தான். இரண்டு மணி நேரம் கூடத்தில் இருந்தான். பிறகு அவனைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். தச்சர் கதவைப் பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சாயங்காலம், மூன்று பேர் குடியிருந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

தம்பி மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஸ்டோரக்கா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு சொல்லணும்மா உங்கிட்ட."

"வேண்டாம் அண்ணி. தெரியும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான்தான் அவர் தலையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேனே." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "உங்களுக்குப் போன் போட்டுட்டே இருந்தேன். 'விடு, கண்ணுல மருந்து போட்டிருப்பாங்க, பதறியடிச்சி ஓடிவந்து எங்கயாச்சும் விழுந்துடப்போறா'ன்னாரு. அப்போ நல்லாத்தான் பேசினாரு."

ஸ்டோரக்காவின் கை தரையில் எதையோ தேடுவதுபோல் அலைந்தது.

"இன்னொரு சாவி போட்டுக் குடுன்னு போன மாசம்கூடக் கேட்டான்மா. மாட்டேன்னுட்டேன்."

"மாட்டேன்னு சொல்லுங்கன்னு சொன்னதே நான்தான் அண்ணி."

"நீயா?"

"மறந்துட்டீங்களா? சாப்பிட்டுட்டிருந்தோம். 'இவர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க அண்ணி, கேக்கறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு வெறுங்கைய வீசிட்டு வந்து நிப்பாரு'ன்னேன். நீங்க சிரிச்சீங்க. அவரும்தான் சிரிச்சாரு. அவருக்குப் புரையேறிப்போச்சு."

ஸ்டோரக்காவுக்கு ஞாபகம் வந்தது. அவன் தலையில் தட்டித் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததே தான்தான்.

அவள் எதிர்பார்த்து வந்தது இதை அல்ல. தம்பி மனைவி தன் தலைமயிரைப் பிடித்து உலுக்குவாள், பாவி என்பாள், என் குடியைக் கெடுத்தாயே என்று மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்து உட்கார்ந்தாள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

"என்னத் திட்டிடும்மா" என்றாள்.

தம்பி மனைவி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. அன்பும் இல்லை.

"திட்டிட்டு? நாளைக்குக் காலைல எந்திரிச்சி இதே மூஞ்சியத்தானே ரெண்டு பேரும் பாத்தாகணும்."

வெளிச்சம் கூடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் பின்கட்டுத் தகரத்தில் நாலைந்து துளி. பிறகு சடசடவென்று. பின்கட்டுக் கொடியில் அவன் நேற்று விடியற்காலையில் துவைத்துப் போட்ட வேலைச் சட்டைகள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. கிரீஸ் கறை மற்ற துணிகளில் ஒட்டும் என்று தனி வாளியில் அவனேதான் துவைத்துக்கொள்வான். துணி நனைந்து கனத்துக் கொடி தாழ்வது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்தது.